கட்டியின் அளவும் கத்தியின் அவசரமும்

ஸ்கேன் அறிக்கையில் 'சாக்லேட் சிஸ்ட், 5 செ.மீ.' என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், வீட்டில் எல்லோருடைய கண்ணும் அந்த எண்ணிலேயே குத்தி நிற்கும். மூன்று என்றால் மாத்திரை, ஐந்து என்றால் ஆபரேஷன் என்று உறவினர்களே முடிவு கட்டிவிடுவார்கள். கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் வீடு என்றால் நாள் குறிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்ற பதற்றம். கல்யாணமாகிக் குழந்தைக்குக் காத்திருக்கும் வீடு என்றால் கட்டியை எடுத்தால்தான் கரு தங்கும் என்ற நம்பிக்கை. எண்டோமெட்ரியோசிஸால் சினைப்பையில் வரும் கட்டிக்கு இந்தச் சென்டிமீட்டர் கணக்கு மட்டும் போதாது. எதற்காக எடுக்கிறோம், எடுத்த பிறகு சினைப்பையில் என்ன மிஞ்சும் என்ற இரண்டுக்கும் விடை கிடைத்த பிறகே ஆபரேஷனுக்குத் தேதி வாங்க வேண்டும்.

கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு, அதாவது உலகெங்கும் சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தத் திசு சினைப்பையில் வேர்விட்டால், மாதந்தோறும் கசியும் ரத்தம் வெளியேற வழியின்றித் தேங்கி, கெட்டிப்பட்டுப் பழுப்பாகிறது. அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1921-இல் இதை விரிவாக விவரித்த காலத்திலிருந்தே சாக்லேட் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பிசிஓஎஸ் உள்ளவர்களின் ஸ்கேனில் தெரியும் சின்னஞ்சிறு கொப்புளங்களும் இதுவும் ஒன்றல்ல. சினைப்பைக்குள் தனிப்பையாக வளரும் மற்ற கட்டிகளும் இதுவும் ஒன்றல்ல. இந்தக் கட்டியின் சுவரில் பெரும்பகுதி, உள்நோக்கி மடிந்துபோன சினைப்பையின் மேற்புறணிதான் என்று, அகற்றப்பட்ட சினைப்பைகளை ஆராய்ந்து 1957-இலேயே காட்டிவிட்டார்கள். முட்டைகள் சேமித்து வைக்கப்பட்டிருப்பதும் அதே புறணியில்தான்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. லேப்ராஸ்கோப்பியில் வயிற்றில் சிறு துளையிட்டு, கட்டியைத் திறந்து, உள்ளிருக்கும் குழம்பை உறிஞ்சி எடுத்துவிட்டு, இரண்டு இடுக்கிகளால் சுவரைப் பிடித்து எதிரெதிர்த் திசையில் இழுத்து உரிப்பார்கள். வெந்த உருளைக்கிழங்கின் தோல் வழுக்கிக்கொண்டு வருவதுபோல இது வராது; பச்சைக் கிழங்கின் தோலைச் சீவினால் சதையும் சேர்ந்து வருவதுபோல, நல்ல திசுவும் முட்டைகளும் கூடவே வந்துவிடுகின்றன. ரத்தக் கசிவை நிறுத்த மின்சூட்டால் சுடும்போது இன்னும் கொஞ்சம் போகிறது. முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் அளவு இந்த அறுவைக்குப் பிறகு சராசரியாக 38 சதவீதம் குறைந்ததை, பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான அலசல் காட்டியது. இரண்டு பக்கமும் கட்டி இருந்து இரண்டையும் உரித்தால் இழப்பு இன்னும் அதிகம். இதை உணர்ந்துதான் வழிகாட்டு நெறிகளும் மாறின. 4 செ.மீ.க்கு மேல் இருந்தால் ஐவிஎஃப்புக்கு முன்பே எடுத்துவிடலாம் என்று 2005-இல் பரிந்துரைத்த ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம், குழந்தைப் பிறப்பு விகிதத்தைக் கூட்டுவதற்காக வழக்கமாக அப்படிச் செய்ய வேண்டாம் என்று 2022-இல் சொன்னது. பலன் இருப்பதற்கு ஆதாரம் இல்லை, முட்டை இருப்புக்கோ பாதிப்பு வரக்கூடும் என்பது அது சொன்ன காரணம்.

அப்படியானால் கத்தியே வேண்டாமா என்றால், அதுவும் இல்லை. மாத்திரைக்கு அடங்காத வலி, ஐவிஎஃப்பில் முட்டை எடுக்க ஊசி எட்டாத இடம், புற்றுநோயாக இருக்குமோ என்ற நியாயமான சந்தேகம், கட்டி வெடிப்பது அல்லது சீழ் பிடிப்பது ஆகியவற்றுக்கு அறுவைதான் வழி. அப்படிச் செய்யும்போது, உள்ளிருப்பதை வடித்துவிட்டு உட்சுவரைச் சுட்டு நிறுத்துவதைவிட, சுவரையே முறையாக உரித்தெடுத்தால் வலியும் திரும்ப வருவதும் குறைகின்றன. ஆக, வலிக்காக எடுப்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. ஐவிஎஃப் பலிக்க வேண்டும் என்பதற்காக மட்டும் எடுப்பதற்கு இல்லை. ஒரே கட்டி, ஒரே அளவு. ஆனால் வலியால் மாதம் நான்கு நாள் படுக்கையில் கிடக்கும் நாற்பது வயதுக்காரருக்கும், வலியே இல்லாமல் ஐவிஎஃப்புக்குக் காத்திருக்கும் முப்பத்தைந்து வயதுக்காரருக்கும் ஒரே விடை சரியாகாது.

இதற்கு வரும் முதல் மறுப்பு புற்றுநோய் பயம். வாழ்நாளில் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பெண்களுக்குப் பொதுவாக 1.3 சதவீதம் என்றால், எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு அது கூடினாலும் சுமார் 2.5 சதவீதம்தான். சிஏ-125 ரத்தப் பரிசோதனையில் எண் ஏறியிருப்பதைப் பார்த்து நடுங்குகிறவர்கள், புற்றுநோய் இல்லாமல் இந்த நோயாலேயே அது ஏறும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்கேனில் கட்டிக்குள் ரத்த ஓட்டமுள்ள முண்டு தெரிகிறதா, மாதவிடாய் நின்ற பிறகும் கட்டி வளர்கிறதா என்பவைதான் கவலைக்குரிய அறிகுறிகள். விட்டுவைத்தாலும் கட்டியே முட்டைகளை அரிக்குமே என்பது இரண்டாவது மறுப்பு. உண்மைதான், கட்டியும் சினைப்பையைப் பாதிக்கிறது. சும்மா இருப்பது பாதுகாப்பு என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் அறுவைக்கு முன்பே ஏஎம்ஹெச்சும், ஸ்கேனில் சிறு முட்டைப்பைகளின் எண்ணிக்கையும் பார்த்து, இருப்பு குறைவாக இருந்தால் முட்டையை உறைய வைப்பது பற்றியும் பேசிவிட வேண்டும் என்கிறேன்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கும் பெண்ணிடம் 'எல்லாருக்கும் வர்றதுதானே', 'ஒரு குழந்தை பொறந்தா சரியாயிடும்' என்று சொல்லியே வருடங்களைக் கடத்தும் ஊரில், இன்னும் யோசி என்பது வலியைத் தள்ளிப்போடும் இன்னொரு சாக்காகிவிடாதா? கல்யாணமாகாதவர் என்பதாலேயே உள்வழி ஸ்கேன் தவிர்க்கப்பட்டு, வயிற்றின் மேல் எடுத்த படத்தில் பாதி தெரியாமல் போவதும் நடக்கிறது. ஆனால் யோசிக்கச் சொல்வதும் வலியோடு கிடக்கச் சொல்வதும் ஒன்றல்ல. டைனோஜெஸ்ட், கருத்தடை மாத்திரை, ஹார்மோன் வளையம் என்று வலியைக் கட்டுப்படுத்தும் வழிகளை, கருத்தரிக்க முயலாதவர்களுக்கு அன்றே தொடங்கலாம். நோயை உறுதிசெய்ய லேப்ராஸ்கோப்பி கட்டாயம் என்ற நிலையும் இன்று இல்லை. நல்ல ஸ்கேனோ எம்ஆர்ஐயோ பெரும்பாலும் போதும். மருந்து கேட்கவில்லை என்றால் அப்போது அறுவைதான், அதில் தயக்கம் வேண்டியதில்லை.

அறுவையோடு கதை முடிந்துவிடும் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். ஐந்து ஆண்டுகளில் 40 முதல் 50 சதவீதம் பேருக்கு நோய் திரும்புவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால்தான் உடனே குழந்தை வேண்டாதவர்கள் ஒன்றரை, இரண்டு ஆண்டுகளாவது ஹார்மோன் சிகிச்சையைத் தொடர வேண்டும் என்கிறார்கள். திரும்பியதை மறுபடி உரித்தால், ஏற்கெனவே இளைத்த சினைப்பையில் இன்னொரு பங்கு போகும். எனவே இந்த நோயில் பழகிய கை செய்யும் ஒரே நல்ல அறுவையாக அது இருப்பதே உத்தமம். 'தேவைப்பட்டால் சினைப்பையை அகற்றச் சம்மதம்' என்ற வரி சம்மதப் படிவத்தில் இருந்தால், அந்தத் தேவை எது என்று கையெழுத்துக்கு முன்பே கேட்க வேண்டும். கேட்க வேண்டியவர் மாமியாரோ அப்பாவோ கணவரோ அல்ல, படுக்கப்போகிற பெண்தான். முட்டை இருப்பு எவ்வளவு, எதற்காக அறுவை, திரும்பாமலிருக்கப் பிறகு என்ன செய்வது என்ற மூன்றுக்கும் விடை தராமல் அளவை மட்டும் காட்டி அவசரப்படுத்தும் இடத்திலிருந்து எழுந்து இன்னொரு மருத்துவரைப் பார்ப்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.