குரூப் எடுத்தது யார்?

ஒவ்வொரு மே மாதமும் பிளஸ் டூ முடிவு வந்ததும் கம்மாபுரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு இரண்டு மூன்று பெண்களாவது வருவார்கள். "அக்கா, நர்சிங்குக்கு விண்ணப்பம் போட்டுக் குடுங்க" என்பார்கள். மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்ப்பேன். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் என்றிருக்கும். அல்லது கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் என்றிருக்கும். "இந்த குரூப்புக்கு பி.எஸ்சி. நர்சிங் கிடையாதும்மா" என்று சொல்வது என் வேலையாகிவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லி வந்த கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

விதி இதுதான். நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங்கில் சேர, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்துப் பொதுப்பிரிவினர் 45 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், ஆங்கிலத்தில் தேறியிருக்க வேண்டும் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில். இந்தத் தகுதியை ஒரு பெண் பிளஸ் டூ முடித்த பிறகு தேட முடியாது. பத்தாம் வகுப்பு முடித்த ஜூன் மாதத்தில், பதினைந்து வயதில், அவள் எந்த குரூப்பில் உட்கார்ந்தாள் என்பதிலேயே அது முடிந்துவிடுகிறது.

அந்த குரூப்பை எடுத்தது யார்? நான் மூன்றாவது குரூப் படித்தவள். நான் எடுக்கவில்லை, எடுத்துக் கொடுத்தார்கள். சயின்ஸ் என்றால் டியூஷன் வைக்க வேண்டும், பிராக்டிகல் முடிந்து வர இருட்டிவிடும், பெண் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு என்றார்கள். அண்ணனை விருத்தாசலத்தில் பணம் கட்டிச் சேர்த்தார்கள். "உனக்கு காமர்ஸ்தான் ஈஸி" என்றார் ஒரு ஆசிரியர். அந்தப் படிவத்தில் என் கையெழுத்து இருந்தது. முடிவு மட்டும் என்னுடையதல்ல. ஆனால் அதன் விளைவை ஆயுள் முழுக்கச் சுமப்பவள் நான்.

பிளஸ் டூ பெண்கள் மட்டும் வருவதில்லை. கல்யாணமாகி, குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு வருகிறவர்களும் உண்டு. பக்கவாதத்தில் விழுந்த மாமியாரைத் திருப்பிப் படுக்க வைத்து, படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டு, மாத்திரை நேரம் தவறாமல் பார்த்த கைகள் அவர்களுடையவை. சம்பளமில்லாமல் செய்தபோது அது கடமை. சம்பளத்துக்குச் செய்யப் படிக்கிறேன் என்றால் தகுதியில்லை.

"தகுதியைக் குறைக்கச் சொல்கிறாயா?" என்று கேட்பார்கள். இல்லை. 1946இல் வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் நர்சிங் பட்டப் படிப்பு தொடங்கியது பெரிய காரியம். நர்சிங் என்பது ஏவின வேலை அல்ல, அறிவியல் என்று அது நிறுவியது. அதை நான் கீழிறக்க மாட்டேன். என் கேள்வி வேறு. அந்த அறிவியலைப் பதினாறு வயதில்தான் படிக்க வேண்டுமா?

கவுன்சிலின் விதிகளே இதற்குப் பதில் சொல்கின்றன. ஜி.என்.எம். என்ற மூன்றாண்டு டிப்ளமோவுக்கு அறிவியல் குரூப் விரும்பத்தக்கது என்கிறார்கள், கட்டாயம் என்று சொல்லவில்லை. அதை முடித்துப் பதிவு பெற்றவர் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்கலாம். அதற்குப் பிறகு, அனுபவத்தோடு எம்.எஸ்சி. நர்சிங்கும் போகலாம். அதாவது காமர்ஸ் படித்த பெண் எம்.எஸ்சி. வரை போக முடியும், ஆனால் முதல் பட்டத்துக்கு நான்கு வருடம் போதாது, ஐந்து வருடம் ஆகும். பிளஸ் டூ இயற்பியல் இல்லாமல் நர்சாகவே முடியாது என்றால் இந்த வழி இருந்திருக்கக் கூடாது. முடியும் என்றால் அந்தக் கூடுதல் ஒரு வருடமும் அதன் செலவும் எதற்கு அபராதம்? பி.எஸ்சி. முதல் செமஸ்டரிலேயே உடற்கூறியலும் உடலியங்கியலும் கற்பிக்கிறார்கள், உயிர்வேதியியல் இரண்டாம் செமஸ்டரில் வருகிறது.

அமெரிக்காவில் வேறு பட்டம் பெற்றவர்கள் 12 முதல் 18 மாதத்தில் முடிக்கும் துரித நர்சிங் பட்டம் இருக்கிறது. அங்கேயும் முன்தேவைப் பாடங்கள் உண்டு. உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல் என்று கேட்கிறார்கள். ஆனால் முப்பது வயதுப் பெண் அவற்றை உள்ளூர் சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்பில் படிக்கலாம். எதை முதலில் படிப்பது, எதை எதோடு சேர்த்துப் படிப்பது என்று திட்டம் போட்டுக்கொள்கிறாள். அங்கே கட்டணம் கொள்ளை, பழைய மதிப்பெண் காலாவதியாகிவிட்டது என்று திருப்பி அனுப்பும் கல்லூரிகளும் உண்டு. அந்த ஊரை சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. விட்ட பாடத்தைப் பிறகு படிக்கலாம் என்ற ஒரு எண்ணம் அங்கே இருக்கிறது. கவுன்சிலின் படிப்புகளில் பட்டதாரிகளுக்கென்று சுருக்கிய நர்சிங் பட்டம் ஒன்றுகூட இல்லை. பி.ஏ. சமூகவியல் முடித்த பெண்ணும் முதல் வருடத்தில் சமூகவியலை மறுபடி படிக்க வேண்டும், அதற்கு முன் பிளஸ் டூ உயிரியல் இருக்கிறதா என்ற கேள்வியிலேயே வெளியேறிவிட வேண்டும்.

இது நம் நாட்டில் நடக்காத காரியமும் அல்ல. பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாகப் படித்துத் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. டாக்டராகப் போகிறவருக்கு இரண்டாம் வாய்ப்பு உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் விட்டுப்போன பாடங்களை மட்டும் எழுதலாம். அங்கே அறிவியல் படித்தவரை நர்சிங் கவுன்சிலும் ஏற்கிறது. ஆனால் காமர்ஸ் முடித்த ஒருத்தி மூன்று பாடத்தை மட்டும் பின்னால் எழுதினால் சேர்த்துக்கொள்வோம் என்று எங்கள் ஊர்ப் பெண்ணுக்குப் புரியும்படி யாரும் சொல்வதில்லை. எழுதலாம் என்றாலும், ஆய்வகத்தில் நின்று செய்து பார்க்க வேண்டிய பாடத்தை அவள் சமையற்கட்டில் உட்கார்ந்து எப்படிப் படிப்பாள்?

நான் கேட்பது மூன்று. பத்தாம் வகுப்பிலேயே, எந்த குரூப் எந்தப் படிப்புக்கான வழியை அடைக்கும் என்பதைப் பெண்ணிடம் நேரடியாக, எழுத்தில் கொடுங்கள். இரண்டாவது, ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியின் ஆய்வகத்தைச் சனி, ஞாயிறுகளில் திறந்து, பதினெட்டு வயது கடந்த பெண்களுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியலில் ஓராண்டு இணைப்புப் படிப்பு நடத்துங்கள். தேறியவரை பி.எஸ்சி. நர்சிங்குக்குத் தகுதியானவராக ஏற்றுக்கொள்ளுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள பக்கத்திலேயே ஒரு அறையும் ஓர் ஆளும் வேண்டும். மூன்றாவது, பட்டதாரிகள் ஏற்கெனவே படித்த பாடங்களைக் கழித்து, படிப்புக் காலத்தைச் சுருக்குங்கள். மருத்துவமனைப் பயிற்சியில் ஒரு மணி நேரம்கூடக் குறைக்க வேண்டாம்.

எங்கள் ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. நல்ல திட்டம்தான். இறங்குகிற இடத்தில் ஒரு வகுப்பும் இருக்கட்டும் என்கிறேன்.

செவிலி என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் வளர்ப்புத்தாய் என்று பொருள். அந்தச் சொல்லைச் சொல்லியே நர்ஸ்களைத் தாய் என்கிறார்கள், தியாகம் என்கிறார்கள், மே 12 அன்று பூங்கொத்தும் கொடுக்கிறார்கள். எனக்குப் பூங்கொத்து வேண்டாம். அடுத்த மே மாதம் திண்ணைக்கு வரப்போகிற பெண்ணிடம் "உனக்குக் கிடையாது" என்று சொல்லாமல், "ஒரு வருஷம் ஆகும், படிக்கிறியா?" என்று கேட்கும் நிலை எனக்கு வேண்டும்.