ஓட்டை ஐந்தும் பொருந்தினால் வீல் பொருந்திவிடுமா?

ஒட்டன்சத்திரம் பக்கம் முருங்கை சாகுபடி செய்யும் வாசகர் ஒருவர் தன் காரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 2018 மாடல் விட்டாரா பிரெஸ்ஸா, பழைய வண்டியாக வாங்கியது. வாரம் ஒருமுறை வயதான தாயாரைத் திண்டுக்கல் மருத்துவமனைக்கு அழைத்துப் போவது அந்தக் காரில்தான். இரவில் ஒரு பள்ளத்தில் இறங்கியதில் முன்பக்க அலாய் வீலின் விளிம்பு நெளிந்து காற்று நிற்பதில்லை. பழைய வீல் விற்கும் கடையில் இன்னோவாவிலிருந்து கழற்றிய நான்கு அலாய் வீல்கள் டயரோடு மலிவாகக் கிடைக்கின்றன. 'அதுவும் அஞ்சு ஓட்டை, இதுவும் அஞ்சு ஓட்டை. கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம்' என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா என்பது கேள்வி.

வாங்க வேண்டாம் என்பதே பதில். காரணம் தெரிந்தால் வேறு எந்தக் காருக்கும் வீல் வாங்கும்போது உதவும். கார் போன்ற உடலும் ஜீப் போன்ற உயரமும் கொண்ட கிராஸ்ஓவர் வண்டிகள் இப்போது கிராமத்து வீடுகளிலும் நிற்கின்றன. மண் சாலையிலும் வேகத்தடையிலும் அதிகம் அடி வாங்குவது அவற்றின் வீல்தான். விதை வாங்கும்போது பையில் உள்ள சீட்டைப் படித்து ரகம், முளைப்புத்திறன், காலாவதித் தேதி பார்க்கிறோம். வீலிலும் டயரிலும் அதே போலச் சில எண்கள் இருக்கின்றன. அவற்றைப் படிக்காமல் ஓட்டையை மட்டும் எண்ணுவது, பையின் நிறத்தைப் பார்த்து விதை வாங்குவதைப் போன்றது.

முதல் எண்: ஓட்டை வட்டம்

நட்டு ஓட்டைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால், அந்த வட்டத்தின் விட்டத்தை மெக்கானிக்குகள் பி.சி.டி. என்பார்கள். பிரெஸ்ஸாவுக்கு இது 5 ஓட்டை, 114.3 மில்லிமீட்டர். இன்னோவா, கிரெட்டா, டஸ்டர் எல்லாவற்றுக்கும் இதே அளவு. ஆனால் ஐந்து ஓட்டை உள்ள எல்லா வண்டியும் இப்படி இல்லை. ஜீப் காம்பஸுக்கு 110, டிகுவானுக்கு 112.

ஐந்து ஓட்டை வீலில் அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் 114.3 வட்டத்துக்கு 67.2 மி.மீ. வரும், 112 வட்டத்துக்கு 65.8 மி.மீ. வரும். வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. கண்ணால் பிரித்தறிய முடியாது. நட்டை வலுவாக முறுக்கினால் தவறான வீலும் உட்கார்ந்துவிட்டதுபோலத் தெரியும். ஸ்டட் மட்டும் வளைந்த நிலையில் வேலை செய்யும். ஓட ஓடக் களைத்து ஒருநாள் முறியும். வெர்னியர் காலிப்பர் இல்லாத கடையில் அளவு கேட்டுப் பயனில்லை. வீலின் உட்புறத்தில் அச்சாகியிருக்கும் எண்ணைத் தேடிப் படிப்பது நல்லது.

இரண்டாவது எண்: நடு ஓட்டை

வீலின் நடுவே உள்ள பெரிய ஓட்டை ஹப்பின் மேட்டில் இறுக்கமாக உட்கார வேண்டும். வீல் சரியான மையத்தில் அமர்வது அந்த மேட்டினால்தான். பிரெஸ்ஸாவுக்கும் இன்னோவாவுக்கும் 60.1 மி.மீ. டஸ்டருக்கு 66.1. கிரெட்டாவுக்கு 67.1.

கிரெட்டா வீலைப் பிரெஸ்ஸாவில் மாட்டினால் நடுவில் 7 மி.மீ. வித்தியாசம் இருக்கும். வீல் சிறிது தள்ளி உட்கார்ந்தாலும் வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் நடுங்கும். பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் தீராது. இந்த இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்ற வளையம் உண்டு. உள்ளளவு 60.1, வெளியளவு 67.1 என்று துல்லியமாக இருக்கும் வளையத்தைப் போட்டால் அந்தக் குறை தீரும். தகரத்தை வெட்டிச் சுற்றி வைப்பது தீர்வாகாது. மறுபக்கம், பிரெஸ்ஸா வீலைக் கிரெட்டாவில் மாட்டவே முடியாது; ஹப் மேடு உள்ளே நுழையாது. நடு ஓட்டையைக் கடைந்து பெரிதாக்கித் தருவதாகச் சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

மூன்றாவது எண்: நட்டின் மறை

வாசகருக்கு இன்னோவா வீலில் ஓட்டை வட்டமும் நடு ஓட்டையும் பொருந்துகின்றன. சிக்கல் தொடங்குவது இங்கேதான். இரண்டு வண்டியிலும் ஸ்டட்டின் தடிமன் 12 மி.மீ. ஆனால் மறையின் இடைவெளி பிரெஸ்ஸாவில் 1.25 மி.மீ., இன்னோவாவில் 1.5 மி.மீ. இன்னோவா வீலோடு வரும் நட்டைப் பிரெஸ்ஸா ஸ்டட்டில் கையால் சுற்றினால் ஓரிரு சுற்றில் இறுகி நிற்கும். காற்றுத் துப்பாக்கியால் அடித்தால் உள்ளே போய்விடும், மறை நசுங்கிவிடும். இறுக்கியதுபோல் இருக்கும், பிடிமானம் இருக்காது.

பிரெஸ்ஸாவின் சொந்த நட்டையே போடலாமே என்று தோன்றும். அதற்கு நட்டின் அமரும் முகம் பொருந்த வேண்டும். சில வீலுக்குக் கூம்பு முகம், சிலவற்றுக்கு உருண்டை முகம், சிலவற்றுக்கு வாஷரோடு தட்டை முகம். கூம்பு முக நட்டைத் தட்டை இருக்கையில் போட்டால் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். சில நாளில் தளரும்.

எளிய சோதனை ஒன்று உண்டு. நட்டைக் கையால் போட்டு, இறுகும்வரை எத்தனை சுற்று வருகிறது என்று எண்ண வேண்டும். ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது, அதாவது 12 மி.மீ., மறை பிடிக்க வேண்டும். 1.25 மறைக்கு அது சுமார் 10 சுற்று, 1.5 மறைக்கு 8 சுற்று. நாலைந்து சுற்றிலேயே நின்றால் அந்த வீலை மாட்டக்கூடாது.

நான்காவது எண்: ஆஃப்செட்

வீலின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று உண்டு. ஹப்போடு ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதே ஆஃப்செட். வீலின் பின்புறம் இ.டி. என்ற எழுத்துகளோடு இந்த எண் இருக்கும். எண் குறைந்தால் வீல் வெளியே தள்ளும். கூடினால் உள்ளே போகும்.

ஒரு கணக்கு: 6 அங்குல அகலம், இ.டி. 45 உள்ள வீலை எடுத்துவிட்டு 7 அங்குலம், இ.டி. 35 வீலைப் போட்டால், வெளி விளிம்பு 22.7 மி.மீ. வெளியே வரும். அகலத்தால் 12.7, ஆஃப்செட்டால் 10. மண்வெட்டிக் காம்பை நுனியில் பிடித்தால் கைக்கு எப்படிக் கூடுதல் பாரமோ, அப்படித்தான் சக்கர பேரிங்குக்கும். ஆள் ஏறி, பின்னால் இரண்டு மூட்டையும் வைத்து, முழுதாக ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது டயர் மட்கார்டில் உரசும். கடையில் காலி வண்டியில் பார்க்கும்போது இது தெரியாது. ஆஃப்செட் குறையைச் சரிக்கட்ட இடையில் தட்டு வைக்கும் பழக்கமும் உண்டு. அந்தத் தட்டின் கனம் அளவுக்கு நட்டின் பிடிமானம் குறையும் என்பதை மறக்கக் கூடாது.

ஐந்தாவது: டயரின் எண்கள்

பிரெஸ்ஸாவின் மேல் வகைகளில் 215/60 ஆர் 16 டயர் வரும். அகலம் 215 மி.மீ.; பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், அதாவது 129 மி.மீ.; ரிம் 16 அங்குலம், அதாவது 406.4 மி.மீ. மேலும் கீழும் இரண்டு சுவரைக் கூட்டினால் மொத்த உயரம் 664.4 மி.மீ.

இன்னோவாவின் 205/65 ஆர் 15 டயரை அதே வழியில் கணக்கிட்டால் 647.5 மி.மீ. வருகிறது. சுமார் 17 மி.மீ. குறைவு. வண்டி 8 மி.மீ.க்கு மேல் தாழும். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். அதைவிட முக்கியம், 16 அங்குல வீலுக்கு அமைத்த பிரேக் காலிப்பரில் 15 அங்குல வீலின் உட்புறம் முட்டலாம்.

அளவுக்குப் பின்னால் 95எச் என்பதுபோல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 95 என்றால் அந்த ஒரு டயர் தாங்கும் எடை 690 கிலோ. 91 என்றால் 615 கிலோ. நான்கு டயருக்கும் சேர்த்து 300 கிலோ வித்தியாசம். ஐம்பது கிலோ மூட்டை ஆறு. விலை குறைவு என்று எண் குறைந்த டயரைப் போட்டுவிட்டுப் பழைய பாரத்தையே ஏற்றுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். அலாய் வீலிலும் தாங்கும் எடை அச்சாகியிருக்கும்.

பழைய டயரோடு வாங்கினால் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேட வேண்டும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போன டயரை ஓட்டுவது சட்டப்படியும் தவறு.

அப்படியானால் வாசகர் என்ன செய்யலாம்?

நெளிந்தது ஒரு வீல்தான். அதே மாடலுக்குரிய, அதே அளவுள்ள ஒரு வீலை மட்டும் தேடி வாங்குவதே மலிவான வழி, பத்திரமான வழியும்கூட. பார்க்க ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அளவு சரியாக இருந்தால் அந்த மாடலின் இரும்பு டிஸ்க் வீலும் போதும். அதற்குரிய நட்டைக் கேட்டு வாங்க வேண்டும். நெளிந்த அலாயைச் சூடு காட்டித் தட்டி எடுத்துத் தருவார்கள். வெடிப்பு விழுந்த அலாயையும் பற்ற வைத்துத் தருவார்கள். சூடேறிய அலுமினியத்தின் பலம் குறைந்துவிடும். தாயாரை ஏற்றிக்கொண்டு நான்கு வழிச்சாலையில் போகும் வண்டிக்கு அந்த வேலை ஆகாது.

பழைய வீலை வாங்கும்போது பணம் கொடுப்பதற்கு முன் பேலன்சிங் மிஷினில் சுற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். உள் விளிம்பில் வெடிப்பு, பற்றவைப்புத் தடம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த வீலானால் ஹப்போடு ஒட்டும் முகத்திலும் நட்டு உட்காரும் இடத்திலும் பெயின்ட் கனமாக இருக்கக் கூடாது. ஓட்டத்தில் அந்தப் பெயின்ட் நசுங்கும்; நட்டு தளரும்.

மாட்டும்போது ஹப்பில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, நட்டுகளைக் கையால் தொடங்கி, ஒன்றுவிட்டு ஒன்றாக நட்சத்திர வரிசையில் இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்குவது என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது அவசியம். ஸ்டெப்னிக்கும் இந்தச் சோதனை எல்லாம் பொருந்தும்.

மட்கார்டுக்கு வெளியே டயர் நீட்டிக்கொண்டிருக்கும்படி பெரிய வீல் போட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. விபத்து நடந்தால் காப்பீட்டிலும் கேள்வி வரலாம்.

நான்கு சக்கர இயக்க வண்டிக்கு இரண்டு டயர் மட்டும் மாற்றலாமா?

இது வேறொரு வாசகரின் கேள்வி. டஸ்டர், எக்ஸ்யூவி 500 போன்றவற்றில் நான்கு சக்கரமும் இழுக்கும் வகை உண்டு. அவற்றில் நான்கு டயரும் ஒரே அளவாகவும், தேய்மானம் ஏறக்குறைய ஒன்றாகவும் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் உயரம் மாறினால் இரண்டு அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்றி, இடையில் உள்ள இணைப்புச் சூடாகித் தேயும். நான்கு சக்கர இயக்க டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடச் சிறிது வேகமாகச் சுற்றும்படி அளவு அமைத்திருப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் வேறு அளவு டயர் போட்டால் அந்தக் கணக்கு கெட்டு, டயரும் கியரும் சேர்ந்து தேயும். ஒன்று பழுதானால் நான்கின் தேய்மானத்தையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் எத்தனை வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டும்.

கடைக்குப் போகும்முன் ஒரு துண்டுச் சீட்டில் ஓட்டை எண்ணிக்கை, பி.சி.டி., நடு ஓட்டை, நட்டின் மறை, வீலின் அகலமும் ஆஃப்செட்டும், டயர் அளவும் எடை எண்ணும் ஆகியவற்றைச் சொந்த வண்டியிலிருந்து பார்த்து எழுதிக்கொள்வது நல்லது. டயர் அளவும் காற்றழுத்தமும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். வீலின் அகலமும் ஆஃப்செட்டும் வீலின் பின்புறம் இருக்கும். ஒட்டன்சத்திரம் வாசகர் அந்தச் சீட்டோடு போனால், 'மாட்டலாம்' என்று சொல்பவரிடம் ஒவ்வொரு எண்ணாகக் காட்டிக் கேட்க முடியும்.