தங்க வயலின் தட்டான்களை யார் கணக்கெடுப்பது?

தமிழில் 'தட்டான்' என்னும் சொல் பொற்கொல்லரையும் குறிக்கும், நீரோரம் பறக்கும் பூச்சியையும் குறிக்கும். கோலார் தங்க வயலில் பொன்னைப் பற்றி நூறாண்டுக்கும் மேலாகக் கணக்கு எழுதப்பட்டுள்ளது. பூச்சியைப் பற்றிய கணக்கு நம் கையில் இருக்க வேண்டிய நேரம் இது.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. பொன் பிரித்தபின் கொட்டிய அரைமண், 'சயனைடு மலை' என்று மக்கள் சொல்லும் மேடுகளாக நகரைச் சூழ்ந்து நிற்கிறது. அதன் அளவு ஏறத்தாழ 3.3 கோடி டன் என மதிப்பிடப்படுகிறது. இம்மேடுகளிலிருந்து மீண்டும் பொன் பிரிக்கும் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. அன்றாடம் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் மக்களின் ஊரில், வேலைவாய்ப்பை எதிர்த்து எவரும் எழுத இயலாது, நானும் எழுதவில்லை. என் கோரிக்கை ஒன்றே: முதல் வண்டி மண் அள்ளப்படுமுன், சுற்றியுள்ள ஏரி, குட்டை, பாறைக்குழி அனைத்திலும் தட்டான் கணக்கெடுப்பு நடைபெற வேண்டும்.

ஏன் தட்டான்? அதன் வாழ்நாளில் பெரும்பகுதி இளம்புழுவாக நீருக்குள் கழிகிறது. தட்டானின் இளம்புழு குடலின் இறுதிப் பகுதியிலுள்ள செவுள்களால் மூச்சுவிடுகிறது. ஊசித்தட்டானின் இளம்புழு வாலிலுள்ள மூன்று இலை போன்ற செவுள்களையும் பயன்படுத்துகிறது. நீரில் கலப்பது எதுவாயினும் அதன் உடலைத் தொட்டே தீரும். ஆய்வகத்தில் சோதிக்கும் ஒரு புட்டி நீர் ஒருநாள் நிலையைச் சொல்லும். இளம்புழுவோ பல வாரங்களின் நிலையைச் சொல்லும்.

ஆனால் 'தட்டான் பறக்கிறது, ஆகவே நீர் தூய்மை' என்று முடிவுகட்டுவது பிழை. லிபெலூலிடே குடும்பத்தைச் சேர்ந்த பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டா, ஆரஞ்சு நிறச் சிறகுகளோடு சாக்கடை கலந்த குளங்களிலும் பெருகி வாழும். எண்ணிக்கை மட்டும் பார்த்தால் சீர்கெட்ட குளமே செழிப்பானதாகத் தோன்றும். எந்தெந்தக் குடும்பங்கள் உள்ளன, எவை இல்லை என்பதே கேள்வி. காம்ஃபிடே, ஏஷ்னிடே, ஊசித்தட்டான்களில் சீனாக்ரியோனிடே எனப் பல குடும்பங்கள் கலந்திருக்கும் நீர்நிலையும், தாங்குதிறன் மிக்க ஓரிரு இனங்கள் மட்டும் மொய்க்கும் நீர்நிலையும் ஒன்றல்ல.

பறப்பதை மட்டும் பதிவு செய்வதும் போதாது. பன்டாலா ஃபிளாவெசென்ஸ் இந்தியப் பெருங்கடலையே கடக்கும் வழிப்போக்கன். அது ஒரு குளத்தின் மேல் பறப்பது அக்குளத்தைப் பற்றி எதையும் நிறுவாது. கரைப் புல்லில் ஒட்டியிருக்கும் உரித்த தோலே இனப்பெருக்கத்திற்கான சான்று. அதைச் சேகரிக்க வலையும் வேண்டாம், உயிர்க்கொலையும் வேண்டாம்.

இந்நிலத்திற்கே உரிய ஆய்வுப் பொருளாக நான் முன்மொழிவது பிராடினோபைகா ஜெமினேட்டா. கருமையும் சாம்பலும் புள்ளியிட்ட அதன் உடல் கருங்கல்லில் அமர்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. பாறைக்குழியில் தேங்கும் மழைநீரிலும் சிமெண்ட் தொட்டியிலும் அது முட்டையிடும். கோலாரின் கருங்கற்பாறைகளும், கைவிடப்பட்ட தொட்டிகளும் அதற்கு ஏற்ற வாழிடங்கள். மேட்டுத் தூசு படியும் தொட்டியையும் தொலைவிலுள்ள பாறைக்குழியையும் ஒப்பிட இதைவிட எளிய வழி எனக்குத் தோன்றவில்லை.

'தரிசு நிலத்தில் என்ன இருக்கப்போகிறது' என்பார் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. தங்க வயலுக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரி பாலாற்றின் மீது அமைந்தது. அதே பாலாறுதான் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியே தமிழகத்தில் பாய்கிறது. இன்று அடிப்படைப் பதிவு இல்லையெனில், நாளை நீர் கெட்டது என்று சொல்பவரிடம் 'முன்பு எப்படி இருந்தது?' என்றே கேட்பார்கள். அதற்கு விடை சொல்ல ஒரு தாளும் இராது.

எஃப். சி. ஃபிரேசர் என்னும் இராணுவ மருத்துவர் 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகளில் இந்தியத் தட்டான்களை விவரித்தார். அவருக்கு வாய்க்காத கருவி இன்று ஒவ்வொரு மாணவரின் சட்டைப்பையிலும் கைப்பேசியாக உள்ளது. தங்க வயலிலும் கோலாரிலும் உள்ள கல்லூரிகளின் விலங்கியல் துறைகள் இதை முதுகலைத் திட்டப்பணியாக ஏற்கலாம். மழைக்கு முன், மழையில், மழைக்குப் பின் எனக் குறைந்தது ஈராண்டு தொடர்ந்தால் போதும். பேசுவதற்குத் தரவு இருக்கும்.

பொன்னைக் கணக்கிட்டு எடுத்துச் சென்றவர்கள் போய்விட்டார்கள். நீரைக் குடிப்பவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். அவர்களுக்காக இந்தக் கணக்கையும் எழுதுவோம்.