தலைவனும் நாடும்

இளைஞர் விரும்பும் விளையாட்டுகளை முதியோர் வெறுப்பது பழைய வழக்கம். இன்று அவ்வெறுப்பு கணினி விளையாட்டுகளின்மேல் விழுந்திருக்கிறது. அவற்றை மாணவர் கையினின்று அடியோடு அகற்றிவிட வேண்டும் என்பாரும் உளர். கண்ணும் காலமும் கெடுமளவிற்கு ஆடுவதை யானும் ஒப்பேன். எனினும், ‘சிவிலிசேஷன்’ என்னும் விளையாட்டு எழுப்பும் வினா ஒன்று மட்டும் தமிழாசிரியன் செவிக்குப் புதியதன்று. எந்தத் தலைவனுக்கு எந்த மக்கள் பொருந்துவர் என்பதே அவ்வினா.

பொருட்பாலை ஓதியோர் இதனை அறிவர். இறைமாட்சி தொடங்கி இருபத்தைந்து அதிகாரங்களில் அரசன் பண்புகளை விரித்த வள்ளுவர், பின்னர் நாட்டிற்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். அதன் இறுதிக் குறளில், எல்லா வளமும் நிறைந்திருந்தும் வேந்தனோடு அமைதி இல்லாத நாட்டால் பயனில்லை என்று முடித்தார். தலைவன் சிறப்பு வேறு, நாட்டின் சிறப்பு வேறு, இரண்டின் பொருத்தம் வேறு என்பது இதனால் பெறப்படும்.

2005இல் வெளிவந்த அவ்விளையாட்டின் நான்காம் பதிப்பில் தலைவர் ஒவ்வொருவர்க்கும் இரண்டு பண்புகள் உண்டு. அசோகர்க்கு ஆன்மிகமும் ஒழுங்கமைப்பும் உரியன. முன்னதால் ஆட்சிமுறை மாறுங்கால் நாட்டிற் குழப்பம் நேராது. பின்னதால் ஆட்சிச் செலவு பாதியாகும். மக்களுக்கும் தனிச்சிறப்பு உண்டு. இந்தியர்க்கு வாய்த்தது விரைவுப் பணியாளர். ஏனையோர் பணியாளர் ஒரு முறைக்கு இரண்டு கட்டம் நடக்க, இவர் மூன்று கட்டம் நடப்பர். விரும்பினால் எத்தலைவரையும் எம்மக்களோடும் இணைத்து ஆடலாம் என்னும் விதியும் அதில் உண்டு.

இங்கேதான் மதிப்பீடு தொடங்குகிறது. எலிசபெத்து அரசியார்க்குப் பொருளாக்கப் பண்பு உண்டு. இரண்டு வணிக அலகு தரும் நிலம் அவர் ஆட்சியில் மூன்று தரும். அவரை இந்தியரோடு இணைத்தால், பணியாளர் ஆற்றங்கரைக் குடியிருப்புகளை விரைந்தமைப்பர். அரசியின் பண்பு அவற்றின் வருவாயைப் பெருக்கும். ஒன்று மற்றொன்றை வளர்ப்பதால் இது நல்லிணை. ஆயினும் இவ்விணைக்கும் குறை உண்டு. தொடக்கத்தில் இந்தியர் கையிலிருப்பவை இறைவழிபாடும் சுரங்கத் தொழிலுமே, உழவுக்கலை இல்லை. அக்குறையை அரசியின் பண்பு நிரப்பாது.

கணினியை மட்டும் எதிர்த்தாடுவோன் இக்குறையைப் பொறுத்து மெல்ல வளரலாம். பலர் கூடி ஆடுங்கால் அது இயலாது. அயலில் எகிப்தியரைக் கொண்டாடுவோன் இருப்பின், அவன் போர்த்தேர் தொடக்கத்திலேயே எல்லையில் வந்து நிற்கும். நூறு முறை கழித்துப் பயன் தரும் பண்பு, முப்பதாம் முறையில் நகரிழந்தவனுக்கு எதற்கு? ஆகவே ஓர் இணையை மதிப்பிடுவோன் நான்கினை நோக்க வேண்டும்: தலைவன் பண்பு மக்களிடம் உள்ளதைப் பெருக்குகிறதா, இல்லாததை நிரப்புகிறதா, அப்பயன் எக்காலத்து விளையும், அதுவரை அயலார் பொறுத்திருப்பரா.

2025இல் வந்த ஏழாம் பதிப்பில் தலைவரையும் நாகரிகத்தையும் முற்றிலும் பிரித்தே வைத்துள்ளனர். அதில் சோழர் உண்டு. ஆனால் அது வெளிவந்தபொழுது தலைவர் வரிசையில் இராசராசனும் இல்லை, இராசேந்திரனும் இல்லை. இது நமக்கு இழுக்கென்று மாணவர் சிலர் வருந்துகின்றனர். அவர்கள் அதிலுள்ள அசோகரைக் கூர்ந்து நோக்க வேண்டும். உலகைத் துறந்த அசோகர், உலகை வென்ற அசோகர் என அவர் இரு வடிவில் வருகிறார். மக்களின் மிகுதியான மகிழ்ச்சி முன்னவர் ஆட்சியில் உணவாகவும், பின்னவர் ஆட்சியில் உற்பத்தியாகவும் மாறுகிறது. வடிவம் இரண்டாயினும் ஊற்று ஒன்றே. மக்கள் மகிழாவிடின் இரு அசோகரும் வறியரே. தலைவன் பண்பென்று நாம் புகழ்வதிற் பெரும்பகுதி மக்கள் கொடுத்த முதலாகும்.

இவ்வளவைக்கொண்டு நம் ஊவா மலைகளை நோக்குவோம். பழைய பெரிய கங்காணியிடம் தலைமைப் பண்புகள் இல்லாமல் இல்லை. வழி அறிந்தவர்; மொழி அறிந்தவர்; ஆட்களைத் திரட்டவும் கடன் கொடுக்கவும் வல்லவர். ஆனால் அவர் திறன் தோட்டத்துரையின் கணக்கேட்டோடு பொருந்தியதேயன்றித் தொழிலாளர் வாழ்வோடு பொருந்தவில்லை. கடனைப் பொறித்த ‘துண்டு’ முறை 1921இல் ஒழிக்கப்படும்வரை ஆட்களைக் கட்டிவைத்தது. பண்பு சிறந்தும் இணை தீதாயிற்று.

மாறாகக் கோ. நடேசய்யரை எண்ணுக. தஞ்சையிலிருந்து வந்தவர், மலையிற் பிறந்தவரல்லர். அவர் படைக்கலம் பேனா. அவர் மக்களிற் பெரும்பாலோரோ எழுத்தறியாதவர். இது பொருந்தா இணை என்றே எவரும் கணித்திருப்பர். ஆனால் அவர் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளரிடையே பாட்டாகப் பாடிக் கருத்தைக் கொண்டுசேர்த்தார். எழுத்து எட்டாத இடத்தை இசை எட்டியது. 1931இல் நடேசய்யர் அட்டனில் நிறுவிய தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அவ்விணையின் பயன். இல்லாததை நிரப்பும் தலைமை என்பது இதுவே.

விளையாட்டின்மேல் எனக்குக் குறை ஒன்று உண்டு. அதிற் பணியாளன் பாதை இடுவான், தோட்டம் அமைப்பான். அவனுக்குப் பெயரில்லை, தலைவனைத் தெரியும் உரிமையுமில்லை. 1924இல் பதுளையை எட்டிய இருப்புப்பாதையிற் செல்லும் நாம் இதனை எளிதிற் கடந்துபோதல் கூடாது. 1948ஆம் ஆண்டின் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரின் குடியுரிமையையும், 1949ஆம் ஆண்டின் திருத்தம் வாக்குரிமையையும் பறித்தன. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. ஆடுவோன் ஒரு நொடியிற் செய்யும் தேர்வு, நம் முன்னோர்க்கு அரை நூற்றாண்டு மறுக்கப்பட்டது.

மாணவச் செல்வங்களே, அத்தேர்வு இன்று உங்கள் கையிலிருக்கிறது. மாணவர் தலைவனாயினும் தொழிற்சங்கத் தலைவனாயினும் பாராளுமன்ற உறுப்பினராயினும், ‘இவர் வல்லவரா’ என்பதோடு நில்லாது, ‘இவர் வன்மை யாரோடு பொருந்துகிறது, எம்மிடம் இல்லாத எதனை நிரப்புகிறது’ என்றும் கேளுங்கள். பழைய மாணவப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். இவ்விளையாட்டைப் பூட்டிவைக்கச் சொல்லாதீர்கள். ‘சோழர்க்கு ஏற்ற தலைவர் யார்?’ என்னும் தலைப்பில் தமிழ் மன்றத்தில் ஒரு சொற்போர் நடத்த உதவுங்கள். முதல் வரிசையில் வந்தமர்ந்து, நம் பிள்ளைகள் காட்டும் காரணங்களைக் கேளுங்கள்.