சளி பிடிச்சிருக்கா? போர்வையை எடுக்கும் முன் இதைப் படிங்க!

போன வாரம் எனக்குச் சளி. முதல் நாள் தும்மல், மறுநாள் தொண்டைக் கரகரப்பு, மூன்றாம் நாள் மூக்கு முழுசாக அடைத்துவிட்டது. என் நிலைமையைப் பார்த்த பாட்டி, நொச்சி இலையும் மஞ்சளும் போட்டு ஒரு குண்டான் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஹாலில் இறக்கிவைத்தார். தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடிக்க உட்கார்ந்தேன்.

"சித்தி, நானும் டென்ட்டுக்குள்ள வர்றேன்!" என்று அக்காவின் மூன்று வயது மகன் ஓடிவந்து போர்வையை இழுத்தான். குண்டான் சாய்ந்தது. நல்லவேளை, தண்ணீர் சுவர்ப் பக்கமாக ஓடியது. அவன் மீது ஒரு சொட்டும் படவில்லை. ஆனால், அன்று முழுக்கப் பாட்டி யாரிடமும் பேசவில்லை.

அந்தப் பதற்றத்தில் பிறந்ததுதான் இந்த வாரப் பத்தி. சளிக்கு வீட்டில் நாம் செய்வதில் எது நல்லது, எது ஆபத்து?

வைத்தியத்தின் வேலை என்ன?

சாதாரண சளிக்குக் காரணம் வைரஸ். 200-க்கும் மேற்பட்ட வைரஸ்கள் சளியை உண்டாக்கும். அதில் முதலிடம் ரைனோ வைரஸுக்கு. பெரும்பாலும் 7 முதல் 10 நாள்களில் நம் உடலே அதைச் சமாளித்துவிடும். இருமல் மட்டும் இன்னும் சில நாள்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

மிளகு ரசமோ சுக்கு காபியோ வைரஸைக் கொல்லாது. அந்த நாள்களைக் கொஞ்சம் சுலபமாகக் கடக்கவைக்கும். அதுவே பெரிய உதவிதான். ஆனால், இதம் தேடிப்போய் ஆபத்தை வாங்கிவிடக் கூடாது.

இதெல்லாம் செய்யலாம்

* மிளகு ரசம், தூதுவளை ரசம், கஞ்சி, வெந்நீர்... சூடாக எது இறங்கினாலும் தொண்டைக்கு இதம். உடலில் நீர்ச்சத்தும் குறையாது.

* ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிக்கலாம். துப்பத் தெரியாத குட்டீஸுக்கு வேண்டாம்.

* தூங்கும் முன் ஒரு டீஸ்பூன் தேன் சாப்பிட்டால் இரவு இருமல் கொஞ்சம் அடங்கும். ஒரு வயது தாண்டியவர்களுக்கு மட்டும்.

* மூக்கடைத்து அழும் குழந்தைகளுக்கு, மருந்துக் கடைகளில் கிடைக்கும் உப்புநீர் மூக்குச் சொட்டு மருந்து உதவும்.

* தூக்கம்! போனைத் தள்ளிவைத்துவிட்டு (இதைப் படித்து முடித்த பிறகு) நன்றாகத் தூங்குங்கள்.

இதிலெல்லாம் கவனம்

ஆவி: மூக்கடைப்புக்குக் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். கொதிக்கும் பாத்திரத்தை வைத்துக் குழந்தைகளுக்கு ஆவி பிடிக்கவே வேண்டாம். பெரியவர்கள் பிடிப்பதானால், பாத்திரம் ஆடாத மேசை மேல் இருக்கட்டும். அறைக்குள் குழந்தைகள் வேண்டாம்.

தேன்: ஒரு வயது நிறையாத குழந்தையின் நாக்கில் தொட்டுவைக்கக்கூட வேண்டாம். தேனில் சில நேரம் இருக்கும் பாக்டீரியா வித்துகள், 'போட்டுலிசம்' என்ற பாதிப்பை உண்டாக்கலாம். தசைகள் தளர்ந்து, மூச்சுவிடவே சிரமமாகிவிடும்.

கற்பூரம்: தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தடவ வேண்டாம். கற்பூரத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால் வலிப்பு வரலாம். தைலத்தை யாருக்கும் மூக்கின் உள்ளே தடவக் கூடாது.

மிச்ச மாத்திரை: போன தடவை வாங்கி மீதமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை எடுத்துப் போடாதீர்கள். அது பாக்டீரியாவுக்கான மருந்து. வைரஸிடம் அது வேலை செய்யாது. சளி, மஞ்சளாகவோ பச்சையாகவோ வருவதாலேயே ஆன்டிபயாட்டிக் தேவை என்றும் அர்த்தமில்லை.

சிரப்: இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகள் தரக் கூடாது, ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று 2025 அக்டோபரில் மத்திய அரசின் சுகாதாரத் துறை அறிவுறுத்தியிருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் கடையில் சிரப் வாங்க வேண்டாம்.

டாக்டரிடம் எப்போது?

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால் உடனே கிளம்புங்கள். மூச்சு வாங்குவது, மூச்சுவிடும்போது விலா உள்ளே இழுப்பது, பால் குடிக்க மறுப்பது, நெஞ்சு வலி... இவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் மூன்று நாள்களைத் தாண்டினாலோ, சரியாகி மறுபடி வந்தாலோ, 10 நாள்கள் கழித்தும் சளி குறையாவிட்டாலோ டாக்டரைப் பாருங்கள். ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், முதியவர்கள் இன்னும் சீக்கிரமாகவே பார்த்துவிடுவது நல்லது.

மறுநாள் காலையில் பாட்டி என் டேபிளுக்கு மிளகு ரசம் கொண்டுவந்தார். "குண்டானைப் பரண்ல ஏத்திட்டேன்டி. இனி நமக்கு இதுவே போதும்" என்றார். ரசம் காரம் மூக்கில் ஏற, மூக்கடைப்பு கொஞ்சம் விட்டது.

உங்கள் வீட்டு ஃபேமிலி குரூப்பிலும் இதை அனுப்பிவிடுங்கள். ஏதாவது ஒரு வீட்டில் இப்போது தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கலாம்!