ராசிக்கல் புரட்டு

விருத்தாசலத்தில் பீங்கான் சூளையொன்றில் கூலிவேலை செய்யும் தோழர் ஒருவர், மகளுக்கென்று வாங்கிய மோதிரத்தைச் சென்ற வாரம் என்னிடம் காட்டினார். ரோஜா நிறத்தில் வெள்ளை வரி ஓடும் கல். பெண்ணுக்குச் சுக்கிரன் கெட்டிருக்கிறான், இதை அணிந்தால் கலியாணம் கூடிவரும் என்று ஜோசியர் ஒருவர் சொன்னாராம். ஒரு மாதக் கூலி அதில் போய்விட்டது.

இந்தக் கல்லின் யோக்கியதைதான் என்ன? இதற்கு 1813-இல் ரோடோகுரோசைட் என்று பெயரிட்டார்கள். கிரேக்க மொழியில் ரோஜா நிறமுடையது என்று பொருள். மாங்கனீஸ் என்னும் உலோகமும் கரியும் பிராணவாயுவும் சேர்ந்த கார்பனேட்டு இது. நூறு பங்கில் ஏறக்குறைய 48 பங்கு மாங்கனீஸ், நிறமும் அதனுடையதே. மாங்கனீஸ் கரைந்த நீர் பாறை வெடிப்புகளில் ஊறிச் சொட்டி, படலத்தின்மேல் படலமாக உறைகின்றது. நீரில் கரைந்துள்ள பொருள்கள் மாற மாற, படலமும் வெளுத்தும் சிவந்தும் அமைகின்றது. வரி விழுந்த இரகசியம் இவ்வளவுதான்.

இத்தகைய வரிக்கல்லுக்குப் பேர்போனது தென் அமெரிக்காவில் ஆர்ஜென்டினா தேசத்துக் கப்பிலித்தாஸ் சுரங்கம். அங்கேயும், பழைய இன்கா ராஜா ராணிகளின் இரத்தமே உறைந்து கல்லாயிற்று என்று கதை கட்டியிருக்கிறார்கள். நம் புராணக்காரர்களுக்கு அண்ணன்மார் போலும்!

ஜோசியரைக் கேட்கிறேன்: உங்கள் நவரத்தினப் பட்டியலில் இந்தக் கல் உண்டா? சுக்கிரனுக்கு வைரம் என்றல்லவா உங்கள் சாஸ்திரம் சொல்லுகின்றது? எந்த ரிஷி ஆர்ஜென்டினாவுக்குப் போய் இதைப் பார்த்துவந்து எழுதிவைத்தான்? வைரம் வாங்க வகையற்ற ஏழைக்கென்று புதுச் சரக்கு பிடித்திருக்கிறீர்கள் என்பதல்லாமல் வேறென்ன?

கல்லின் பலத்தையும் பாருங்கள். கத்திமுனையால் கீறலாம். சூடான உப்புத் திராவகத்தில் நுரைத்துக் கரைந்துபோகும். காற்றும் ஈரமும் பட்டால் நாளடைவில் மேலே கறுக்கும். சூளையிலிட்டாலோ கரியமிலவாயு வெளியேறி, ரோஜா நிறமே போய்விடும். தன் நிறத்தையே காத்துக்கொள்ள மாட்டாத கல்லா, கோடிக்கணக்கான மைலுக்கு அப்பாலுள்ள கோளைத் திருத்தப்போகின்றது?

மாங்கனீஸ் உபயோகமற்றது என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் எஃகுத் தொழில் நடவாது. டார்ச்சு விளக்கின் பாட்டரியிலும் அது உண்டு. பீங்கானின் மேல்பூச்சில் கலந்து சுட்டால் பழுப்பும் ஊதாவும் தரும். அலுமினாவோடு சேர்த்தால் நல்ல ரோஜா நிறமே கிடைக்கும். இதெல்லாம் சூளையில் நிற்பவர்க்குத் தெரிந்த சங்கதி. ஆனாலும் மோதிரத்தில் வைத்துக் கொடுத்தால் கும்பிடுகிறோம்.

வரன் அமையாத காரணத்தையும் விசாரித்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நகை கேட்டார்களாம். பெண் படித்தவள், வேலைக்குப் போக விரும்புகிறாள். அவள் விருப்பத்தை ஜோசியரும் கேட்கவில்லை, தகப்பனாரும் கேட்கவில்லை. மோதிரத்தைக் கொடுத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்கத் தோழர் நாளை போகிறார். நானும் உடன் போகிறேன்.