விளம்பரத்தில் வராத விலை

மே மாதத்தின் கடைசி வாரம். காலை ஏழு மணிக்குக் கப்பலின் ஒலிபெருக்கியில் கேப்டனின் குரல் கேட்டது. படோங் கடற்கரைக்கு எதிரே அலைகள் உயர்ந்திருப்பதால் பயணிகளைச் சிறு படகுகளில் இறக்குவது பாதுகாப்பன்று என்றும், ஆகவே ஃபுக்கெட் கைவிடப்படுகிறது என்றும், அன்றைய பொழுது கடலிலேயே கழியும் என்றும் அவர் பணிவாக அறிவித்தார். எங்கள் பேரன் முதல் நாள் இரவே காலணிகளைக் கதவருகே எடுத்து வைத்திருந்தான்.

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கையும் ஃபுக்கெட்டையும் பார்த்துவிட்டுச் சிங்கப்பூருக்கே திரும்பும் நான்கு இரவுப் பயணம் அது. பணி ஓய்வின்போது கிடைத்த தொகையில் ஒரு சிறு பகுதியை நிலை வைப்பிலிருந்து எடுத்து, மகளையும் பேரனையும் உடன் அழைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் புறப்பட்டோம். பினாங்கு எங்களை ஏமாற்றவில்லை. அங்கே கப்பல் நகரின் வாசலிலேயே கட்டப்படுகிறது. இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் லிட்டில் இந்தியாவில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளும் சுடச்சுடத் தோசையும் காத்திருக்கின்றன. நாங்கள் காசு கட்டியதோ பெரும்பாலும் ஃபுக்கெட்டுக்காகத்தான்.

கேப்டனின் முடிவில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. முதியவர்களும் குழந்தைகளுமாகச் சில ஆயிரம் பேரை, ஆடுகிற கப்பலிலிருந்து ஆடுகிற படகுக்கு மாற்ற மறுத்தவரை நாம் வாழ்த்தவே வேண்டும். எங்கள் மனத்தாங்கல் வேறு. ஃபுக்கெட்டின் மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும் என்பது மீனவர்க்கும் மாலுமிகளுக்கும் புதிய செய்தி அன்று. கப்பலை இயக்கும் நிறுவனத்துக்கும் அது தெரியும். தெரிந்தும் இந்தியப் பள்ளி விடுமுறைக்குப் பொருந்தும் அந்த மாதத்தில், ஃபுக்கெட்டின் படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சீட்டு விற்கிறார்கள். கடலின் இடர் முழுவதும் சீட்டு வாங்கியவர் தலையில் விழுகிறது. இறங்காத துறைமுகத்தின் கட்டணம் என்று எங்கள் கணக்கில் திரும்ப வந்த தொகை, ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காணும். வெளியார் ஒருவரிடம் மகள் முன்பணம் கட்டியிருந்த வாடகை வண்டிக்கு எதுவும் திரும்பவில்லை.

ஊருக்கு வந்த பிறகு ஒப்பந்தத்தைப் படித்தோம். புறப்படும் முன் படித்திருக்க வேண்டும். எந்தத் துறைமுகத்தையும் எந்தக் காரணத்துக்காகவும் மாற்றவோ நீக்கவோ நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. இத்தகைய விதி எங்கள் கப்பலுக்கு மட்டும் உரியதன்று, இத்தொழில் முழுவதிலும் வழங்குவது. 2013 பிப்ரவரியில் மெக்சிகோ வளைகுடாவில் ஓர் உல்லாசக் கப்பல் எஞ்சின் அறைத் தீயினால் செயலிழந்து நின்றது. பயணிகள் பல நாள் பட்ட அவதியை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அவ்வாண்டு மே மாதம் கப்பல் நிறுவனங்களின் சர்வதேசச் சங்கம் ‘பயணிகள் உரிமைப் பட்டயம்’ ஒன்றை வெளியிட்டது. இயந்திரக் கோளாறால் பயணம் ரத்தானால் முழுத் தொகையும், பாதியில் முடிந்தால் ஒரு பகுதியும் திரும்பக் கிடைக்கும் என்கிறது அது. அலையாலோ காற்றாலோ ஒரு துறைமுகம் தவறினால் இழப்பீடு உண்டு என்ற உறுதி அதில் இல்லை.

நம் நாட்டிலும் இத்தகைய ஏமாற்றங்கள் நேர்ந்திருக்கின்றன. 2022 ஜூனில் சென்னையிலிருந்து விசாகப்பட்டினம், புதுச்சேரி எனத் திட்டமிட்டுத் தொடங்கப்பட்ட கப்பல் சேவையில், அனுமதி கிடைக்காமையால் பயணிகள் புதுச்சேரியில் இறங்க இயலாமற்போயிற்று. லட்சத்தீவுக்குச் செல்லும் உல்லாசக் கப்பல்களும் தீவுக்கு வெளியே நின்றுகொண்டு படகில்தான் ஆட்களை இறக்குகின்றன. அங்கும் கடலின் விருப்பமே இறுதி.

ஊர்ப் பெயர்களிலும் சற்று நிதானம் வேண்டும். சிங்கப்பூர்க் கப்பல்களின் அட்டவணையில் ‘கோலாலம்பூர்’ என்று கண்டால் கப்பல் நிற்குமிடம் போர்ட் கிளாங். ‘பாங்காக்’ என்றால் லேம் சபாங். அங்கிருந்து பாங்காக் செல்ல நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலையில் போகவேண்டும். ‘ரோம்’ என்பது சிவிடாவெக்கியா. 2021 ஆகஸ்டு முதல் பெரிய கப்பல்கள் வெனிஸ் நகரின் நடுவே செல்லத் தடை வந்தபின், வெனிஸ் என்று விற்கப்படும் சில பயணங்கள் தொலைவிலுள்ள ரவென்னாவில் முடிகின்றன. அடைப்புக்குறிக்குள் உண்மையான துறைமுகத்தின் பெயரும் இருக்கும். நம் கண் அதில் விழுவதில்லை.

அன்று காலை ஒன்பது மணிக்குப் பேரனை நீச்சல் குளத்துக்கு அழைத்துச் சென்றோம். மேல்தளத்தில் கால் வைக்க இடமில்லை. ஃபுக்கெட்டில் இறங்கியிருக்க வேண்டிய அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். குளத்தில் நீந்துவார் எவருமில்லை, நிற்கவே முடிந்தது. சுற்றிலுமிருந்த சாய்வு நாற்காலிகளிலோ ஆட்களைக் காணோம், துண்டுகள் மட்டும் கிடந்தன. பேருந்தின் சன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கும் கலையை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று எண்ணியிருந்தோம். அது உலகப் பொதுச்சொத்து என்பதை அன்று அறிந்தோம். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் ஆளில்லாத நாற்காலியின் துண்டு அகற்றப்படும் என்று பலகையில் எழுதியிருந்தது. அகற்றவேண்டிய ஊழியரோ, அதைச் செய்து யாரிடம் வசவு வாங்குவது என்பதுபோல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த நெரிசல் தற்செயலானதன்று. கப்பலின் கொள்ளளவை அறைக்கு இருவர் என்றே கணக்கிடுகிறார்கள். விடுமுறைக் காலத்தில் மூன்றாவது, நான்காவது படுக்கைகளில் குழந்தைகள் சேரும்போது கப்பல் நூறு விழுக்காட்டுக்கு மேல் நிறைகிறது. குளத்தின் பரப்போ அதே அளவுதான். 2024 ஜனவரியில் முதற்பயணம் புறப்பட்ட ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ என்ற மாபெரும் கப்பலைப் பாருங்கள். அறைக்கு இருவர் என்றால் 5,610 பயணிகள். எல்லாப் படுக்கையும் நிறைந்தால் ஏறத்தாழ 7,600 பேர். குளங்கள் ஏழு. முன்னதன்படி ஒரு குளத்துக்கு எண்ணூறு பேர், பின்னதன்படி ஆயிரத்துக்கும் மேல். பாதிப் பேர் கரையில் இறங்கியிருக்கும் நாளில் இது உறுத்தாது. ஒரு துறைமுகம் தவறிய நாளில் உறுத்தாமலிராது.

துறைமுகத்தில் நிற்கும்போது கப்பலின் சூதாட்டக் கூடமும் வரியில்லாக் கடைகளும் பொதுவாக மூடியிருக்கும். கடலில் செல்லும்போது திறந்திருக்கும். அன்று அவை நாள் முழுதும் திறந்திருந்தன. வேண்டுமென்றே துறைமுகத்தைத் தவிர்க்கிறார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படி நினைப்பது கேப்டனுக்கு இழைக்கும் அநீதி. ஆயினும், துறைமுகம் தவறும் நாள் பயணிக்கு நட்டமாகவும் நிறுவனத்துக்குக் கூடுதல் வரவாகவும் அமைந்துவிடும்போது, அந்த வரவில் ஒரு பங்கைப் பயணிக்குத் தருவதே முறை. தவறிய துறைமுகத்துக்கு இவ்வளவு என்று சீட்டிலேயே ஒரு தொகை குறிக்கப்பட்டிருந்தால் எங்கள் மனம் ஆறியிருக்கும்.

கடைசி இரவு, வரவேற்பு மேசைக்கு முன் நீண்ட வரிசை. பெரும்பாலோர் கேட்டது ஒன்றே: கணக்கில் தானாகச் சேர்க்கப்பட்ட டிப்ஸ் தொகையை நீக்குங்கள். ஃபுக்கெட்டைக் காட்டாதவர்களுக்கு டிப்ஸ் எதற்கு என்று ஒருவர் உரக்கவே கேட்டார். நாங்களும் அந்த வரிசையில் நின்றோம் என்பதை மறைக்கவில்லை.

பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இத்தொகை ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை. பெரும்பாலும் குழந்தைகளுக்கும் உண்டு. 18 டாலர் என்று கொண்டால் நால்வருக்கு நான்கு நாளில் 288 டாலர். மது, காப்பி போன்றவற்றின் விலைமேல் 18 விழுக்காடோ அதற்கு மேலோ தனியே சேரும். நம் நாட்டில் உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அதை உறுதி செய்தது. வேறொரு நாட்டின் கொடியேந்தி வேறொரு நாட்டுத் துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பலுக்கு அந்தப் பாதுகாப்பு எட்டாது.

வரிசையில் நிற்கையில் எங்கள் அறையைப் பராமரித்த இளைஞர் அவ்வழியே சென்றார். தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை. முதல் நாளே எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழில் வணக்கம் சொன்னவர். இட்லி கிடைக்கும் நேரத்தைத் தாமே வந்து தெரிவித்தவர். எட்டு மாத ஒப்பந்தம், நடுவில் விடுமுறை நாள் கிடையாது என்று சொல்லியிருந்தார். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி ஓய்வு வேண்டும் என்கிறது. இந்தியாவும் 2015-இல் அதை ஏற்றிருக்கிறது. மீதி நேரம் உழைக்கலாம் என்பதுதான் அதன் மறுபக்கம். அவர் எங்களைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், “அம்மா, இன்னும் இரண்டு துண்டு அறையில் வைக்கட்டுமா?” என்று மட்டும் கேட்டார். நாங்கள் வரிசையை விட்டு வந்துவிட்டோம்.

ஃபுக்கெட்டின் அலைக்கு அவர் பொறுப்பல்லர். நாங்கள் நீக்கச் சொல்லும் ஒவ்வொரு டாலரும் நிறுவனத்தின் இலாபத்திலிருந்து போவதன்று, அவரைப் போன்றவர்கள் பங்கிட்டுக்கொள்ளும் தொகையிலிருந்து போவது. அதற்காக இந்த முறை நேர்மையானது என்று ஒப்புக்கொள்ள மாட்டோம். ஊழியரின் ஊதியத்தை முதலாளி கொடுக்கவேண்டும். அதற்கு வேண்டிய தொகையைச் சீட்டின் விலையில் வெளிப்படையாகச் சேர்க்கவேண்டும். விலையைக் குறைத்துக் காட்ட ஊதியத்தின் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து, அதற்கு டிப்ஸ் என்று பெயர் சூட்டி, கொடுப்பவரையும் வாங்குபவரையும் கடைசி இரவில் எதிரெதிரே நிறுத்துவது எவ்வகையில் விருந்தோம்பல்?

இது நடவாத காரியமும் அன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கட்டாயக் கட்டணங்களை விளம்பர விலையிலேயே சேர்த்துக் காட்டவேண்டும் என்ற சட்டம் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டிப் பெரிய கப்பல் நிறுவனங்கள் துறைமுகக் கட்டணத்தையும் வரியையும் சேர்த்தே விலையைக் காட்டத் தொடங்கின. டிப்ஸ் மட்டும் இன்னும் வெளியே நிற்கிறது. நம் அரசு 2024 செப்டம்பரில் ‘குரூஸ் பாரத் மிஷன்’ திட்டத்தைத் தொடங்கி, 2029-க்குள் கப்பல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை இருமடங்காக்க முனைந்திருக்கிறது. முனையங்கள் கட்டும்போதே, இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு கப்பல் சீட்டிலும் முழு விலையும், துறைமுகம் தவறினால் திரும்பும் தொகையும் அச்சிடப்படவேண்டும் என்று ஒரு விதியும் செய்துவிடலாம். அதற்குச் செங்கல்லோ சிமெண்டோ வேண்டியதில்லை.

அதுவரை நம் பணத்தை நாமே காக்கவேண்டும். கப்பலில் ஏறியதும் செலவுக்கணக்கோடு ஓர் அட்டையை இணைக்கச் சொல்வார்கள். பற்று அட்டையைக் கொடுத்தால் நம் சேமிப்புக் கணக்கிலிருந்தே ஒரு தொகை முன்னதாக நிறுத்தி வைக்கப்படலாம். அது விடுபடச் சில நாட்கள் ஆகும். கடன் அட்டையே இதற்கு ஏற்றது. 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு நாமாகக் கேட்டால்தான் திறக்கும். அதைப் புறப்படும் முன்பே திறந்து, உச்சவரம்பும் குறித்துவிடுவது நலம். ‘ரூபாயில் எடுத்துக்கொள்ளட்டுமா’ என்று கடைக்காரர் அன்போடு கேட்டால் வேண்டாம் என்க; அந்த வசதிக்குள் மாற்று விகிதத்தின் இலாபம் மறைந்திருக்கிறது. பயணக் காப்பீட்டில் பயணம் ரத்தாவதற்கும் துறைமுகம் தவறுவதற்கும் வேறுபாடு உண்டு. பின்னது தனியே எழுதப்பட்டிருந்தால் மட்டுமே பணம் வரும். முகவர் எழுத்தில் கொடுத்த வாக்கை மீறினால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே முறையிடலாம். ‘எழுத்தில்’ என்ற சொல்லை இருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

பேரன் இன்னொரு முறை கப்பலில் போகவேண்டும் என்கிறான். அவனுக்கு அந்தக் குளம் கூட்டமாகவே தோன்றவில்லையாம். மும்பையிலிருந்து லட்சத்தீவுக்கு, பருவமழை நன்றாக ஓய்ந்த பிறகு, பள்ளிக்கு இரண்டு நாள் விடுப்பு எடுத்தேனும் போகலாம் என்று எண்ணியிருக்கிறோம். வரியும் டிப்ஸும் சேர்ந்த முழுத்தொகை என்ன, தீவில் இறங்க முடியாவிட்டால் எவ்வளவு திரும்பும் என்ற இரண்டையும் கேட்டு முகவருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். முதற் கேள்விக்கு மறுநாளே பதில் வந்தது. இரண்டாவது கேள்வியைத் தம் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறாராம்.